ஆழத்துக் கிராப்பியை விடலாமா?

குளிர்காலம் வந்தால் மீன் வாய் திறக்காது, தூண்டிலைத் துடைத்துப் பரணில் ஏற்றிவிடலாம் என்ற நம்பிக்கை அமெரிக்கத் தூண்டில்காரர்கள் பலரிடமும் உண்டு. டெக்சஸ் மாநிலத்தின் சாதனைகளைப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது. அங்குள்ள ஃபோர்க் ஏரியில் 1986 நவம்பர் 26 அன்று மார்க் ஸ்டீவன்சன் 17.67 பவுண்டு பாஸ் மீனைப் பிடித்தார். அதே ஏரியில் 1992 ஜனவரி 24 அன்று பேரி செயின்ட் கிளேர் 18.18 பவுண்டு பாஸைப் பிடித்தார். எட்டேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான அந்த மீன்தான் இன்றும் மாநிலச் சாதனை. 2004 ஜனவரியில் டெக்சோமா ஏரிக் கரையில் நின்றபடி கோடி முல்லெனிக்ஸ் இழுத்த நீலக் கெளுத்தி 121.5 பவுண்டு, அதாவது 55 கிலோ. அன்றைக்கு அது உலகச் சாதனை.

மூன்றும் குளிர்ந்த நீரில் கிடைத்தவை. செயின்ட் கிளேர் பாஸைத் தேடிப் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிராப்பிக்காகச் சின்ன மினோ மீனை முள்ளில் கோத்து இறக்கியிருந்தார். உள்ளங்கை அகல மீனுக்கு வைத்த இரையை ஏரியின் மிகப் பெரிய பாஸ் எடுத்துக்கொண்டது. குளிர்நீரில் பெரிய மீன் எங்கே நிற்கிறது, எதை உண்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

காரணத்தை நீரிலிருந்தே தொடங்க வேண்டும். கோடையில் ஆழமான ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்து கனத்த நீர். இரண்டும் கலப்பதில்லை. அடியில் மட்கும் இலைகளும் கட்டைகளும் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் ஏரியின் கீழ்ப்பாதி மீன் நுழைய முடியாத இடமாகிவிடும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிரக் குளிரக் கனத்து இறங்கும். காற்றும் சேர்ந்து கலக்க, ஏரி முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வரும். ஆக்சிஜன் தரைவரை போய்ச் சேரும். ஆறு மாதம் பூட்டியிருந்த ஆழம் அப்போதுதான் திறக்கிறது. வடக்கு மாநிலங்களில் இதற்குப் பிறகு மேற்பரப்பு உறைந்து, பனிக்கட்டியில் துளையிட்டுத்தான் தூண்டில் போட முடியும். கிழக்கு டெக்சஸில் ஏரிகள் உறைவது அரிது. ஜனவரியில் நீர் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், படகு தடையின்றி ஓடும்.

மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பம்தான். நீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், தேவையும் குறையும். அதற்காக மீன் உண்ணாமல் இருந்துவிடாது, துரத்துவதைத்தான் விட்டுவிடும். மூக்கருகே வந்து அசையாமல் நிற்கும் இரையை அது எடுக்கும். ஆகவே பாஸுக்குப் போடும் இரையைத் தரையில் கிடக்கவிட்டு, பொறுமை போகும்வரை காத்திருந்து, அதற்கு மேலும் சற்றுக் காத்திருக்க வேண்டும். பெட்டை பாஸ் பிப்ரவரிக்குள் முட்டை கனத்து ஆண்டிலேயே அதிக எடையோடு இருக்கும். 13 பவுண்டுக்கு மேற்பட்ட மீனைப் பிடித்தவர்கள் இனப்பெருக்கத்துக்காக மாநில அரசுக்குக் கடன் கொடுக்கும் ‘ஷேர்லங்கர்’ திட்டம் ஜனவரி முதல் மார்ச் வரை மீன்களை ஏற்றுக்கொள்வதும் அதனால்தான். அந்தத் திட்டம் ஸ்டீவன்சனின் மீனிலிருந்து தொடங்கியது.

கெளுத்தியின் கணக்கு வேறு. திரெட்ஃபின் ஷாட் என்ற பொடிமீன், நீர் 7 டிகிரியை நெருங்கும்போதே தளர்ந்து சாகத் தொடங்கும். ஒரு கடுங்குளிர் வாரத்துக்குப் பின் அவை கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்து, பிறகு அடியில் போய்ச் சேரும். கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, தோல் முழுவதும் சுவை மொட்டுகள் உண்டு. இருட்டிலும் கலங்கலிலும் ஷாட் கிடக்கும் இடம் அதற்குத் தெரிந்துவிடும். வெட்டிய ஷாட் துண்டுதான் நீலக் கெளுத்திக்கு இரை என்பதில் டெக்சோமாக்காரர்களிடம் கருத்து வேற்றுமையே கிடையாது.

இனி கிராப்பி. ஃபோர்க் ஏரி சுமார் 27,000 ஏக்கர். 1980-ல் நீரைத் தேக்கத் தொடங்கியபோது மரங்களைப் பெருமளவு வெட்டாமலே விட்டார்கள். 154, 515 எண் சாலைப் பாலங்களின் தூண்களிலும், மூழ்கி நிற்கும் மரங்களிலும் டிசம்பரில் கிராப்பி அடுக்கடுக்காகச் சேரும். பத்து மீட்டர், சில நாட்களில் அதற்கும் கீழே. படகை அதன் நேர் மேலே நிறுத்தி, ஒரு கிராம் இரண்டு கிராம் எடையுள்ள ஜிக்கை, அதாவது ஈயத் தலை கொண்ட முள்ளை, மெல்லிய நரம்பில் இறக்க வேண்டும். கிராப்பியின் கண் மேல்நோக்கி அமைந்தது, தனக்கு மேலே இருப்பதையே அது எடுக்கும். எனவே ஜிக் கூட்டத்துக்கு ஒரு முழம் மேலே நிற்க வேண்டும், கீழே போனால் வீண். மீன் எடுக்கும்போது தூண்டிலை இழுக்காது. இரையை வாயில் வாங்கி மேலே ஏறும். விறைப்பாக நின்ற நரம்பு திடீரெனத் தளர்ந்து நீர்மேல் லேசாக வளையும். அதுதான் அறிகுறி. இழுப்புக்காகக் காத்திருக்கிறவருக்கு முள்ளில் மீன் இருக்காது. தளர்ச்சியைப் பார்த்தவர் கோலை மெதுவாகத் தூக்கினால் போதும். வெட்டி இழுத்தால் காகிதம் போன்ற அதன் உதடு கிழிந்துவிடும்.

மேலே வந்த மீனை என்ன செய்வது? இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான்.

கிராப்பியும் பாஸும் ஒரே குடும்பம். இரண்டின் காற்றுப்பையும் மூடியது. அதிலிருக்கும் வாயு இரத்தத்தின் வழியாக மட்டுமே, மிக மெதுவாகவே வெளியேறும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. அரை நிமிடத்தில் மீனை மேலே கொண்டுவந்தால் பைக்குள்ளிருக்கும் வாயு இரு மடங்காக விரியப் பார்க்கும். வயிறு உப்பும், கண் பிதுங்கும், சில மீன்களுக்கு இரைப்பை வாய்வழியே தள்ளிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட மீனை ‘சின்னது, பிழைத்துப் போகட்டும்’ என்று நீரில் விட்டால் அது கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் மிதக்கும். பறவைக்கு இரையாகும், அல்லது மெல்லச் சாகும். விட்டவர் அதற்குள் அடுத்த மீனைத் தூக்கியிருப்பார்.

டெக்சஸின் பொது விதி கிராப்பிக்கு 10 அங்குலக் குறைந்தபட்ச நீளமும் நாளொன்றுக்கு 25 என்ற உச்சவரம்பும் வைக்கிறது. கோடையில் இது சரி. ஆழக் குளிர்நீரில் இதே நீள விதி, சாகப்போகிற மீனைத் திரும்ப எறியச் சொல்லும் விதியாகிவிடுகிறது. எனவே ஃபோர்க் ஏரிக்கும் பைன்ஸ் ஏரிக்கும் தனி ஏற்பாடு செய்தார்கள். டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை நீள வரம்பு இல்லை. பிடித்த கிராப்பி எதையும் விடவும் கூடாது. சிறிதோ பெரிதோ, முதல் இருபத்தைந்தும் பெட்டிக்குள் போக வேண்டும். பெரியது கிடைத்ததும் சிறியதைக் கழித்துவிட்டுப் பெட்டியை உயர்த்திக்கொள்ளும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. மீன்வள விதிகளில் நான் மிக மதிக்கும் விதி இது. விடுவதைக் கருணை என்றும் வைத்துக்கொள்வதைப் பேராசை என்றும் நாம் பழகிவிட்டோம். ஆழத்தைக் கணக்கில் எடுத்தவர்கள் எழுதிய விதி, மீனுக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது.

பாஸ் ஆழத்திலிருந்து வந்தால் அதற்கும் இதே ஆபத்து உண்டு. போட்டிக்காரர்கள் விலாவில் ஊசி செலுத்தி வாயுவை இறக்குகிறார்கள். பழகிய கைக்கு மட்டுமே அது பொருந்தும். கெளுத்திக்கு இந்தச் சங்கடம் இல்லை. அதன் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழலுக்கு ஒரு குழாய் திறந்திருக்கிறது. மேலேறும்போதே வாயுவை வாய்வழியே விட்டுவிடும். பெரிய கெளுத்தி வருவதற்கு முன் நீர்மேல் குமிழிகள் வந்து வெடிப்பதைப் பார்க்கலாம். ஆகவே ஆழத்திலிருந்து தூக்கிய கெளுத்தியைத் துணிந்து விடலாம். பெரியதை விடவும் வேண்டும், அந்த உடம்பு சேரப் பல ஆண்டுகள் ஆகும். டெக்சோமாவில் 30 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள நீலக் கெளுத்தியில் நாளொன்றுக்கு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற விதி இந்த அடிப்படையில் எழுந்தது.

நடைமுறைக்கு இவ்வளவு போதும். பத்து மீட்டரில் கிராப்பி பிடிக்கிறவர் ஒவ்வொன்றையும் எண்ணிப் பெட்டியில் போட வேண்டும். எவ்வளவு சாப்பிட முடியும் என்பதை நீருக்குப் போகும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு போதுமென்றால் பன்னிரண்டாவதோடு பாலத்தடியை விட்டு நகர வேண்டும். பொழுது மிச்சமிருந்தால் வெட்டிய ஷாட்டைக் கோத்துக் கெளுத்திக்குப் போடலாம்.