வெட்டி வேலையின் வீர வரலாறு

வேற்றுக்கிரகவாசிகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை மனிதகுலத்துக்கு எவ்வளவு இருந்தது என்று பார்க்க 1900க்குப் போகவேண்டும். பாரிஸில் கிளாரா குஸ்மான் என்ற சீமாட்டி உயில் எழுதிவைத்துப் போன பரிசை அந்த வருடம் அறிவித்தார்கள். வேறொரு கோளில் இருப்பவரோடு பேசி, பதிலும் வாங்கிவருபவருக்கு ஒரு லட்சம் பிராங்க். ஒரே நிபந்தனை, செவ்வாய் கணக்கில் வராது. அங்கே ஆள் இருப்பதுதான் ஊருக்கே தெரியுமே, அதற்கெல்லாமா காசு?

அரிசோனாவில் பெர்சிவல் லோவல் என்ற கனவான் சொந்தக் காசில் ஆய்வகம் கட்டி, செவ்வாயில் கால்வாய் கால்வாயாகப் பார்த்து வரைந்து தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. கால்வாய் இருந்தால் கான்ட்ராக்டர் இருப்பார். அப்புறம் உயிர் இருக்கிறதா என்று வேறு கேட்பானேன்?

1924 ஆகஸ்டில் செவ்வாய் பூமிக்கு வெகு பக்கத்தில் வந்தது. டேவிட் டாட் என்ற வானியலாளர் அமெரிக்க ராணுவத்தையும் கடற்படையையும் நச்சரித்தார். ரேடியோ நிலையங்கள் மணிக்கு ஐந்து நிமிடம் வாயை மூடவேண்டும் என்று வேண்டுகோள் போனது. கடற்படை நிலையங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தன. செவ்வாய்க்காரன் சங்கேதத்தில் பேசிவிட்டால்? அதை உடைக்க வில்லியம் ஃப்ரீட்மன் என்ற கில்லாடியைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். பாவம், அவருக்கு வேலையே வரவில்லை.

1960இல் ஃபிராங்க் டிரேக் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க்கில் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை இரண்டு நட்சத்திரங்கள் பக்கம் திருப்பினார். முதல் நட்சத்திரத்தில் பேச்சு மூச்சில்லை. இரண்டாவதன் பக்கம் திருப்பிய சில நிமிடங்களில் ஸ்பீக்கர் படபடவென்று அடித்தது. கைகால் ஓடவில்லை. பிறகு விசாரித்தால், உயரத்தில் பறந்த ஏதோ விமானம். ஆகாயத்தில் ஆள் இருந்தது உண்மைதான், நம்ம ஆள்.

அடுத்து வருபவர்தான் சம்பளமில்லாமல் தேடும் எங்கள் கூட்டத்தின் குலதெய்வம், ஜெர்ரி ஏமன். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘பிக் இயர்’ தொலைநோக்கிக்கு 1972இல் நிதி நின்றது. ஏமனுக்கு வேலை போனது. வேலை போனால் மனிதன் வேறு வேலைக்குத்தான் போவான். இவரும் போனார். ஆனால் பழைய வேலையையும் சம்பளமில்லாமல் விடாமல் பார்த்தார். கத்தை கத்தையாக வந்த கம்ப்யூட்டர் தாள்களில் 1, 2, 1, 1 என்று வெறும் இரைச்சல். 1977 ஆகஸ்ட் 15ஆம் தேதித் தாளில் மட்டும் ‘6ஈக்யூயூஜே5’ என்று ஆறு குறிகள் மேலிருந்து கீழாக நின்றன. எண் ஒன்பதைத் தாண்டினால் எழுத்துகள் வரும். யூ என்றால் பின்னணி இரைச்சலைப்போல் முப்பது மடங்கு. சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு ஓரத்தில் ‘வாவ்!’ என்று எழுதினார். அந்தச் சமிக்ஞை 72 வினாடி கேட்டது. அப்புறம் எத்தனையோ பேர் எத்தனையோ முறை தேடியும் மறுபடி வரவே இல்லை. தொலைநோக்கியை 1998இல் இடித்தார்கள், கோல்ஃப் மைதானத்துக்கு இடம் வேண்டுமாம்.

இதற்கிடையே நாசா, கொலம்பஸ் கரையிறங்கிய 500ஆம் ஆண்டு நாளாகப் பார்த்து 1992 அக்டோபர் 12இல் பெரிய தேடலைத் தொடங்கியது. மறு வருடமே நெவாடா செனட்டர் ரிச்சர்ட் பிரையன் கிளம்பி, ஒரு பச்சை மனிதனைக்கூடப் பிடிக்கவில்லையே என்று நிதியை நிறுத்தவைத்தார். அதே நெவாடா 1996இல் தன் 375ஆம் எண் சாலைக்கு ‘வேற்றுக்கிரக நெடுஞ்சாலை’ என்று பெயர் சூட்டியது. தேடத்தான் காசில்லை, போர்டு வைக்க இருந்தது.

அரசாங்கம் கைவிட்டால் இருக்கவே இருக்கிறான் இளிச்சவாயன். 1999 மே 17இல் பெர்க்லி பல்கலைக்கழகம் ‘செட்டி அட் ஹோம்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியை வேறு யாரோ வேறு எதற்கோ திருப்பும்போது, ஓசியில் ஒட்டிக்கொண்டு பதிவு செய்வார்கள். அதைத் துண்டு போட்டு நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவார்கள். ஒரு துண்டு என்பது வானத்தின் 107 வினாடி. அதை அலச அன்றைய கம்ப்யூட்டருக்கு மணிக்கணக்காகும். நானும் என் கம்ப்யூட்டரில் அதைப் போட்டு வைத்தேன். திரையில் சிவப்பும் பச்சையுமாக மலை மலையாக வரைபடம் எழும்பும்.

“யாருடா வர்றாங்க?” என்று கேட்டார் அம்மா.

“இன்னும் யாரும் வரலைம்மா.”

“வரும்போது போட்டுக்கலாம், இப்ப ஆஃப் பண்ணு. கரண்ட் பில் யார் கட்றது?”

என் சேவையை இவ்வளவு சுருக்கமாக எந்த செனட்டரும் விமர்சித்ததில்லை. உலகமெங்கும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படித் திட்டு வாங்கியிருப்பார்கள். 2020 மார்ச் 31இல் துண்டு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அந்த டிசம்பரில் அரெசிபோவும் இடிந்து விழுந்தது.

அங்கேயிருந்து ஏன் சத்தமே இல்லை என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் சொல்வேன்: அங்கேயும் நிதியை நிறுத்தியிருப்பார்கள். ஆனாலும் எவனோ ஒருவன் சம்பளமில்லாமல் உட்கார்ந்து நம்மைத் தேடிக்கொண்டிருப்பான், அவன் அம்மா ஸ்விட்சை அணைக்கும்வரை.