மலைநாட்டில் தன்னார்வலரின் முதல் வாரம்: இரண்டாம் சோற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

நேபாளத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் இதுகாறும் எவரெஸ்ட்டையே எழுதினார்கள். அதன் உயரம் 8,848.86 மீட்டர் என்று 2020 டிசம்பரில் நேபாளமும் சீனமும் சேர்ந்து அறிவித்துவிட்டபடியால் அத்துறையில் சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று. சண்டை இல்லாத இடத்தில் ஆய்வு ஏது? ஷெர்பாக்களையோ ஃப்யூரர்-ஹைமண்டார்ஃப் 1964-லேயே நூலாக்கிவிட்டார். அவருக்குப் பின் போனவர்களும் மிச்சம் வைக்கவில்லை. இன்னும் முறையாக ஆராயப்படாமல் அந்த மலைகளில் உலவுவது ஒரே இனம்தான்: உதவி செய்வதற்கென்று முதுகுப்பையோடு வந்திறங்கும் வெளிநாட்டுத் தன்னார்வலர். அக்குறையை இக்கட்டுரை தீர்க்கிறது.

ஆய்வுப் பரப்பு காத்மாண்டு விமானநிலையம் முதல் கோர்க்கா மாவட்டத்து மலைவீடு ஒன்றின் அடுப்படி வரை. ஆய்வுக் காலம் முதல் வாரம். அதற்கு மேல் தங்குவோர் ஊர் பழகி, ஆய்வுக்குப் பயனற்றவர்களாகிவிடுகிறார்கள். கருதுகோள்: தன்னார்வலர் உதவ வருகிறார். களப்பணிக்கு முன்பே இது தட்டச்சாகி நெறியாளரின் கையெழுத்தும் பெறப்பட்டுவிட்டது. களத்தில் காணப்படும் எதுவும் இதைப் பாதிக்காது.

வரலாறு சுருக்கமானது. அமெரிக்க அமைதிப் படையின் முதல் குழு 1962-ல் வந்தது. உள்நாட்டுப் போரின்போது 2004-ல் கிளம்பிப் போயிற்று. 2012-ல் திரும்பி வந்தது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பின் தாமாகவே வந்தவர்களுக்குக் கணக்கு வைத்தாரில்லை.

தன்னார்வலர் நால்வகையர்: கற்பிக்க வருவோர், கட்ட வருவோர், கண்டறிய வருவோர், தம்மைத் தாமே கண்டறிய வருவோர். நான்காமவர் மிகுதி. மூன்றாமவர் நம்மவர், அவரைப் பற்றி எழுதுவது தொழில்தருமம் அன்று. அநாதை இல்லங்களுக்குப் போவோர் ஐந்தாம் வகை. அங்குள்ள பிள்ளைகளில் மிகப் பலருக்குப் பெற்றோர் ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் இருப்பதால்தான் அவ்வில்லங்களில் பல நடக்கின்றன. இவ்வகை சிரிப்புக்குரியதன்று. ஆகவே இங்கே விடப்பட்டது.

காலம். நேபாளக் கடிகாரம் கிரீனிச்சுக்கு ஐந்தே முக்கால் மணி முந்தியது, நம்முடையதற்குக் கால்மணி. தில்லி வழியாக வருபவர் எல்லை தாண்டியதுமே கால்மணி நேரத்தை இழக்கிறார். இழப்பீடாகப் பிக்ரம் சம்வத் நாட்காட்டி அவருக்கு ஏறத்தாழ 57 ஆண்டுகளை வழங்குகிறது. நமக்கு 2024 ஏப்ரல் நடக்கும்போது அங்கே 2081 பிறந்தது. இவ்வளவு ஆண்டுகளைக் கையில் வாங்கிய பிறகும் தன்னார்வலர் பஸ் தாமதம் என்று முணுமுணுப்பது நன்றிகெட்ட செயல் என்ப.

போக்குவரத்து. காத்மாண்டையும் பொக்காராவையும் இணைக்கும் பிருத்வி நெடுஞ்சாலை 174 கிலோமீட்டர். இதை எத்தனை மணியில் கடக்கலாம் என்பது கணிதத்தின்பாற்பட்டதன்று, பக்தியின்பாற்பட்டது. பாதி வழி தாண்டி இறங்கி, கோர்க்காப் பக்கம் திரும்பி, பிறகு நடக்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் இறக்கம்' என்று எதிர்ப்படுவோர் அனைவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். பாடபேதம் இல்லை.

தலையாட்டல்: தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

அட்டை: மழைக்காலத்துக்கு உரியது. தன்னார்வலர் அளிக்கும் முதல் தானத்தைப் பெறுவது இதுவே.

கழிப்பறை: குந்துக.

இனி ஆய்வின் உயிர்நிலை. மலைவீட்டில் நாளுக்கு இருவேளை தால்பாத்; காலை பத்துமணி வாக்கில் ஒன்று, இருட்டிய பின் ஒன்று. சோறு, பருப்பு, காய்கறி, ஊறுகாய். இருந்தால் குந்த்ருக் என்னும் புளிக்கவைத்து உலர்த்திய கீரை. முதற்சோற்றைப் பற்றி அறிஞரிடையே பிணக்கில்லை. தட்டில் மலைபோல் குவிந்திருப்பதே அதன் இலக்கணம். பிணக்கு இரண்டாம் சோற்றில் தொடங்குகிறது.

இரண்டாம் சோறாவது யாது? கேட்டு வருவது அன்று; கேளாமல் வருவது, மறுத்த வழியும் வருவது. இதைத் தடுக்கும் உபாயம் பற்றி மூன்று கொள்கைகள் உள. விரைவுக் கொள்கையர் மளமளவென்று உண்டு தட்டைக் காலி செய்க என்பர். காலித் தட்டு பசி தீரவில்லை என்று பொருள்படும், சோறு விழும். நிதானக் கொள்கையர் ஒவ்வொரு பருக்கையாக மெல்க என்பர். மெல்லுதல் கூச்சம் என்று பொருள்படும், சோறு விழும். மிச்சக் கொள்கையர் கால்பங்கைத் தட்டில் விடுக என்பர். மிச்சம், சமையல் பிடிக்கவில்லை என்று பொருள்படும், முதலில் வீட்டம்மாளின் முகம் விழும், பிறகு சோறும் விழும் (நான், இனி எழுதவிருக்கும் நூல், தொகுதி 1, ப. 3).

தட்டின்மேல் கையைக் குடையாகப் பிடித்தல் நான்காவது உபாயம் என்று சிலர் சேர்ப்பர். அது பொருந்தாது. அகப்பையில் வருவது சோறா, கொதிக்கும் பருப்பா என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை, அறியாமல் கைநீட்டியவரின் கை அதன்பின் குடையாகவும் பயன்படாது, பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பவும் பயன்படாது (மேலது, ப. 4). 'புக்யோ', அதாவது போதும், என்று வாயால் சொல்லுதல் ஐந்தாவது. தன்னார்வலர் இதை விமானத்திலேயே மனப்பாடம் செய்து வருகிறார். ஒருமுறை சொன்னால் அது மரியாதை என்று கொள்ளப்படும். இருமுறை சொன்னால், 'எங்கள் பாஷையை எவ்வளவு அழகாகப் பேசுகிறது பிள்ளை!' என்று மகிழ்ந்து இன்னும் ஒரு அகப்பை. மூன்றாம் முறை சொன்னவர் இன்னும் உண்டுகொண்டிருப்பதால் தரவு கிடைத்திலது (மேலதற்கும் மேலது, பருப்புக்கறை படிந்த பக்கம், எண் படிக்க இயலவில்லை, ஒளிநகல் நெறியாளரிடம் உள்ளது, நெறியாளர் பன்னாட்டுக் கருத்தரங்கில் உள்ளார்).

இங்கே ஒரு தடை எழும். பருப்பு தீர்ந்து சோறு மிஞ்சினால் பருப்பு விடுகிறார்கள். சோறு தீர்ந்து பருப்பு மிஞ்சினால் சோறு போடுகிறார்கள். இப்படி வருபவற்றில் எது இரண்டாம் சோறு, எது முதற்சோற்றின் நீட்சி? நீட்சிவாதிகளும் மீட்சிவாதிகளும் இதுபற்றி நீண்டகாலம் பேசாமல் இருக்கிறார்கள் (நீட்சிவாதிகள், கறையான் தின்ற ஏடு, தின்னாத ஓரம், இதற்கு மறுப்பு, அதே கறையான், மறுநாள், இரண்டையும் ஒப்பிட்டு முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேடு, பல்கலைக்கழக நூலகம், கீழடுக்கு, அலமாரி ஆடாதிருக்க முட்டுக்கொடுக்கப்பட்டுள்ளது). போகிற போக்கில் ஒன்று சொல்ல வேண்டும்: தமிழாய்வில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆசிரியர் 'மேலது' என்பவரே. அவருக்கு இன்றுவரை ஒரு விருது கொடுத்தாரில்லை. கட்டணம் செலுத்திய எல்லாருடைய கட்டுரையும் இடம்பெறும் ஆய்வுக்கோவையில் அவருக்கொரு பொன்னாடையாவது போர்த்தலாம்.

அடுப்பின் மறுபக்கத்தை ஆய்வாளர் எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. விருந்தினர் கைகழுவிய பிறகே அவ்வீட்டுப் பெண்கள் உட்காருகிறார்கள். மலைச்சரிவில் எல்லா இடத்திலும் நெல் விளைவதில்லை. மேட்டு நிலத்தில் மக்காச்சோளமும் கேழ்வரகும்தான். ஆகவே விருந்தினருக்கு அரிசிச்சோறு; பல வீடுகளில் வீட்டாருக்குத் திண்டோ, அதாவது அந்தத் தானியங்களின் மாவில் கிண்டிய களி. வறுமையைக் குறைக்க வந்தவர் முதல் வாரத்தில் குறைத்தது அரிசிப் பானையை. இச்செய்தி கருதுகோளோடு முரண்படுவதால் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டது. பின்னிணைப்பு இடமின்மையால் நீக்கப்பட்டது.

தன்னார்வலர் உறங்கும் அறையைப் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. அது பெரும்பாலும் வீட்டு மகனின் அறை. அவன் கத்தாரிலோ மலேசியாவிலோ வேலையில் இருக்கிறான். இப்படி வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் நேபாளத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ கால்பங்கு. செங்கல் அடுக்கத் தெரிந்தவன் கடன் வாங்கிப் போகிறான். செங்கலை இப்போதுதான் கையில் பிடிக்கிறவர் செலவழித்து வருகிறார். அதே திரிபுவன் விமானநிலையத்தில் ஒருவர் வருகை வரிசையிலும் மற்றவர் புறப்பாட்டு வரிசையிலும் நிற்கிறார்கள். வருபவர் கட்டிய சுவரை இராத்திரியில் ஊர்க் கொத்தனார் பிரித்துத் திரும்பக் கட்டுவார் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. கொத்தனார் வாய்திறக்காததால் இதை உய்த்துணர்க.

மொழிக் கற்றல், குளிர்நீர்க் குளியல், சனிக்கிழமை விடுமுறை, கோழி கூவும் நேரம் ஆகியவை விரிக்கின் பெருகும்.

முடிபு வருமாறு. திரிபுவன் விமானநிலையத்தில் தரும் சுற்றுலா விசா 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர், 90 நாளுக்கு 125 டாலர். இந்த விசாவில் வருபவர் கூலிக்கும் சரி, கூலியில்லாமலும் சரி, அந்நாட்டில் எந்த வேலையும் செய்யக்கூடாது என்பது குடிவரவு விதி. தன்னார்வலரில் மிகப் பலர் வருவதோ இந்த விசாவில்தான். எனவே முதல் வாரம் முழுவதும் இரண்டாம் சோற்றோடு போராடி, மிச்ச நேரம் உறங்கிக் கழித்த தன்னார்வலர் நேபாளச் சட்டத்தை எள்ளளவும் மீறினாரல்லர். எட்டாம் நாள் மண்வெட்டியைத் தூக்கியவர்தான் குற்றவாளி.