ஆறடி பத்து அங்குலம்

உரும்பிராய்ச் சந்தியில் பலாலி றோட்டைப் பிடித்து வடக்கே போய், ஊரெழுவைத் தாண்டினால் புன்னாலைக்கட்டுவன். அங்கே ஈவினையைச் சேர்ந்தவர் வலைப்பந்தாட்டக்காரர் தர்ஜினி சிவலிங்கம். எங்கள் ஊர் இல்லைத்தான். ஆனால் பலாலி றோட்டால் பட்டணம் இறங்குகிறவர் எங்கள் சந்தியைத் தாண்டாமல் போகமுடியாது. ஆகவே அவருடைய புகழில் கால்வாசியாவது உரும்பிராய்க்குச் சேரவேணும் என்பது என் வழக்கு.

அவருடைய விளையாட்டின் கதை தொடங்குவது 1891 டிசெம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில். குளிருக்குள் அடைபட்ட பெடியளின் குழப்படி தாங்காமல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார் கூடைப்பந்தாட்டம் என்ற புது விளையாட்டொன்றைக் கண்டுபிடித்தார். சிப்பந்தியிடம் இரண்டு பெட்டி கேட்டார்; வந்தது பீச் பழக் கூடை. மேல்மாடிக் கைபிடி பத்தடி உயரத்தில் இருந்தது, அதிலேயே அடித்தார்கள். வளையம் இன்றைக்கும் 3.05 மீற்றரில் நிற்பதற்கு இதைத் தவிர வேறு சாத்திரம் கிடையாது. கூடையின் அடியை வெட்டும் யோசனை மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. பந்து விழுந்தால் ஏணி வைத்து எடுக்கவேணும். நல்லகாலம், முதல் ஆட்டத்தில் விழுந்ததே ஒரு கோல்தான்.

பிறகு அந்த விளையாட்டு கப்பலேறி இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரி ஒன்றுக்குப் போனது. நிலம் கூட்டும் பாவாடையோடு பெண்பிள்ளைகள் ஓடலாமோ? பந்தோடு ஓடாதே, தட்டிக்கொண்டு போகாதே, கனநேரம் கையில் வைத்திராதே, உன் எல்லையை விட்டு வெளிக்கிடாதே. யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் இருந்து எழுதினமாதிரி 1901இல் விதிகள் அச்சேறின. வலைப்பந்தாட்டம் பிறந்தது.

விதி எழுதிய அந்தச் சீமாட்டிகள் 208 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணொருவரைக் கனவிலும் காணவில்லை. எங்கள் பக்கத்தில் பெட்டை ஐந்தேமுக்கால் அடியைத் தாண்டினாலே கலியாணப் புரோக்கர் சாதகக்கட்டை மூடிவிட்டு, "வளர்த்தி கொஞ்சம் கூடிப்போச்சு அக்கா" என்பார். ஆறடி பத்து அங்குலத்துக்கு அவரிடம் வசனமே இல்லை.

தர்ஜினியின் உயரம் அதுதான். அவர் தலைக்கும் வளையத்துக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட இல்லை. அவர் வளையத்தடியில் நின்று கையை உயர்த்துவார். தோழிகள் எல்லாத் தலைகளுக்கும் மேலால் பந்தை அனுப்புவார்கள். எறிகிறவரிடமிருந்து மறிக்கிறவர் மூன்றடி தள்ளி நிற்கவேணும் என்றொரு விதி வேறு அப்போது இருந்தது. ஒட்டி நின்றாலும் எட்டாதவர்கள், சம்பிரதாயத்துக்குக் கையை நீட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் சனம் காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குப் பின்னால் அலைகிற அவுஸ்திரேலியாவுக்கு, இவர் பந்தெறியப் போனார். விக்ரோரியா மாநிலத்துச் சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் அணியில் ஆடினார்.

2019இல் லிவர்பூலில் உலகக்கிண்ணம். 348 கோல்கள், தொடரிலேயே அதிகம் போட்டவர் தர்ஜினி. இலங்கைக்குக் கிடைத்ததோ 16 அணிகளில் 15ஆம் இடம். ஒரு அந்தத்தில் இவர் போட்டுக்கொண்டிருக்க, மறு அந்தத்தில் மற்றவர்கள் அதைவிட வேகமாகப் போட்டார்கள். ஓடிப்போய் மறிக்கலாம் என்றால், கோல் போடுகிறவர் மைதானத்தில் தன் மூன்றிலொரு பங்கை விட்டு அசையக்கூடாது. எல்லாம் அந்தப் பாவாடைச் சட்டம்.

ஆசியாவில் கதை வேறு. 2018இல் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69–50 என்று வென்று இலங்கைக்குக் கிண்ணம். 2022இலும் கிண்ணம், இறுதியில் தோற்றது மறுபடியும் சிங்கப்பூர். இரண்டு முறையும் மைதானம் பிடித்து, செலவழித்து, போட்டியை நடத்தியதும் அவர்கள்தான்.