ஆடும் விரலும் ஆகும் வயதும்

கேள்வி: வயது 52. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. கையை நீட்டிப் பிடித்தால் விரல் நுனி லேசாக ஆடுகிறது. முதுமை வாசலுக்கு வந்துவிட்டதா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வெள்ளெழுத்து வயதில் விரல் நுனி ஆடுவது தெரிகிறதென்றால் முதல் நல்ல செய்தி, உங்கள் கண்ணாடி சரியான பவரில் இருக்கிறது. இரண்டாவது செய்திக்கு வீட்டில் இருக்கும் இருபது வயதுக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத்தாளைப் பரப்புங்கள். தாளின் ஓரம் படபடக்கும். உயிருள்ள மனிதக் கை எதுவும் அசையாமல் நிற்பதில்லை. ஆரோக்கியமான கை நொடிக்கு 8 முதல் 12 முறை வரை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. வீச்சு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் என்பதால் நாம் கவனிப்பதில்லை. தசையை ஏவும் நரம்பணுக்கள் ஒரே சீராக இழுப்பதில்லை, விட்டுவிட்டுச் சுண்டுகின்றன. மூளை தரும் ஒரு தாளம் அதோடு சேர்கிறது. இதயம் அடிக்கும்போதெல்லாம் பாயும் ரத்தம் ஒரு சிறு உதை கொடுக்கிறது. கையின் எடைக்கும் விறைப்புக்கும் ஏற்ற ஊசலாட்டம் வேறு. ஆய்வுக்கூடத்தில் கையில் எடையைக் கட்டிப் பார்ப்பார்கள்: ஊசலாட்டத்தின் வேகம் குறையும், மூளையின் தாளம் அப்படியே இருக்கும். எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது அப்படித்தான்.

இந்த ஆட்டத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்குவதில் முதலிடம் அட்ரினலினுக்கு. நேர்முகத் தேர்வு, மேடைப் பேச்சு, தூக்கமில்லாத இரவு, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்குவது, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் எல்லாமே ஏறக்குறைய ஒரே வாசல் வழியாக வருகின்றன. தசையில் இருக்கும் பீட்டா ஏற்பிகள்தான் அந்த வாசல். அதை அடைக்கும் மாத்திரை ப்ரொப்ரனலால். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங் சு இரண்டு பதக்கங்களை இழந்தது இந்த மாத்திரைக்காகத்தான். உலகத் தரத்தில் குறி வைக்கும் கையும் மாத்திரை தேடும் அளவுக்கு ஆடுகிறது என்றால், உங்கள் விரல் நுனியை மட்டும் முதுமைக்குச் சாட்சி சொல்ல இழுப்பது என்ன நியாயம்? ஆட்டம் புதிதாகக் கண்ணில் பட்டால் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘வயது என்ன’ அல்ல. ‘தைராய்டு பார்த்தாயிற்றா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்’ என்பதுதான்.

கேள்வி: பூசி மெழுக வேண்டாம். நடுங்குகிறவர்களில் பெரும்பாலோர் தாத்தா பாட்டிகளாகத்தானே இருக்கிறார்கள்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன், ஆனால் விழவில்லை. நடுக்கத்தைத் தரும் நோய்கள் வயதோடு கூடுவது உண்மை. கையால் வேலை செய்யும்போது ஆட்டம் காட்டும் எசென்ஷியல் டிரெமர், எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது. 65-ஐத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கு ஏறுகிறது. இதை வைத்து ‘பார்த்தீர்களா, வயதுதான்’ என்று சொல்வோர் மீதி 95 பேரைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வெள்ளெழுத்து அப்படியா? கண்ணின் வில்லை கெட்டிப்படுவது ஐம்பதைத் தொட்ட யாரையும் விட்டுவைப்பதில்லை. அதை முதுமையின் அடையாளம் என்று சொன்னால் மறுபேச்சில்லை. நூற்றுக்கு 95 பேரைத் தொடாமல் போவதை அடையாளம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எசென்ஷியல் டிரெமர் வாலிபத்திலேயே தொடங்குவதும் உண்டு, பல வீடுகளில் பரம்பரையாக வருவதும் உண்டு.

‘நோயை விடுங்கள், எல்லோருக்கும் உள்ள அந்த இயல்பான ஆட்டமே வயதானால் மாறாதா’ என்று நீங்கள் மடக்கலாம். நடு வயதுக்குப் பிறகு அதன் வேகம் குறைகிறது என்றுதான் 1960-களில் எழுதினார்கள். நரம்பு நோய் உள்ளவர்களைக் கவனமாக விலக்கிவிட்டு, நுண்ணிய கருவிகளால் அளந்த பிந்தைய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் மிகவும் சுருங்கிவிட்டது. வரைபடத்தை மட்டும் கையில் கொடுத்து ‘இது 30 வயதுக் கையா, 70 வயதுக் கையா’ என்று கேட்டால் நிபுணரும் திணறுவார். உண்மையில் மாறுவது வேறொன்று. அறுபதை ஒட்டி, தசையை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்குகின்றன. அனாதையாகும் தசை இழைகளைப் பக்கத்து நரம்பணு தத்தெடுத்துக்கொள்கிறது. தத்தெடுத்த குடும்பம் பெரிதாகிவிடுவதால், முன்பு பத்து இழைகளைச் சுண்டிய இடத்தில் இப்போது இருபதைச் சேர்த்துச் சுண்ட வேண்டியிருக்கிறது. பலத்தைச் சிறுசிறு படிகளாக ஏற்றி இறக்கும் நயம் குறைகிறது. ஊசியில் நூல் கோக்கும்போதும், விளிம்பு வரை ஊற்றிய டபராவை எடுக்கும்போதும் இது தெரியும். பானையைத் தூக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் முதியவர்களுக்குச் சில வாரங்கள் விரல் தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் இந்தத் தடுமாற்றமும் கணிசமாகக் குறைந்தது. பயிற்சிக்கு மடங்குவதை வயதின் தீர்ப்பு என்று எப்படி எழுதுவது?

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது மாத்திரை டப்பா. வயது ஏற ஏற டப்பாவும் நிறைகிறது. வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநலத்துக்கான லித்தியம், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் எல்லாமே கையை ஆட்ட வல்லவை. பழி மட்டும் பிறந்த தேதி மேல் விழுகிறது. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் மூதாட்டிகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்த நரம்பியல் அறிஞர் ஷார்கோ, நடுக்கத்தை முதுமையின் தலையில் கட்டுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மறுத்தார். நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

கேள்வி: அப்படியானால் காபியை விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கும்பகோணத்திலிருந்து இப்படியொரு கேள்வியா! ஒரு வாரம் குறைத்துப் பாருங்கள். ஆட்டம் குறைந்தால் காரணம் கிடைத்தது, குறையாவிட்டால் காபி திரும்பக் கிடைத்தது.

கேள்வி: கை நடுங்கினால் அது பார்க்கின்சன் நோய்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நடிகை கேத்தரின் ஹெப்பர்னுக்கும் ஊரே இந்த நோயைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கு இருந்தது பார்க்கின்சன் அல்ல, எசென்ஷியல் டிரெமர். தலையும் குரலும் நடுங்க நடுங்கவே நடித்து, 2003-இல் 96 வயதில் மறைந்தார். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போது வரும். நொடிக்கு 4 முதல் 6 முறை, முதலில் ஒரு பக்கம் மட்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல. டம்ளரை எடுக்கக் கையை நீட்டினால் அடங்கும். எசென்ஷியல் டிரெமர் இதற்கு நேர் எதிர்: மடியில் அமைதி, டம்ளர் உதட்டை நெருங்கும்போது ஆட்டம். பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு நடுக்கமே இருப்பதில்லை என்பதையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் போட நேரமாவது, நடக்கையில் ஒரு கை வீசாமல் தொங்குவது, எழுத்து வரவரச் சிறுத்துப்போவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. அந்த நோயின் மையம் மந்தம். நடுக்கத்தை மட்டுமே தேடுகிறவர் இதைத் தவறவிடுவார், கூடவே நடுங்குகிற நல்ல மனிதரைக் கலங்கடிப்பார்.

கேள்வி: ஒரு பெக் போட்டால் என் கை நிற்கிறது. இதையே மருந்தாக வைத்துக்கொண்டால் என்ன?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: எசென்ஷியல் டிரெமர் உள்ள பலருக்கு மது சற்று நேரம் ஆட்டத்தை அடக்குவது உண்மைதான். இறங்கியதும் இரட்டிப்பாக வரும். தினமும் குடித்து நிறுத்துபவரின் கை நடுக்கம் தனிக் கதை, அது ஆபத்தான கதையும்கூட. மாத்திரை இருக்கும்போது கடைக்கு எதற்குப் போகிறீர்கள்?

கேள்வி: விரல் சாட்சி செல்லாது என்கிறீர்கள். உடலின் உண்மையான வயதை வேறு எதில் பார்ப்பது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கை ஆடுகிறதா என்பதில் இல்லை, எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதில் பாருங்கள். இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1.4 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த பியூர் ஆய்வு 2015-இல் லான்செட் இதழில் வந்தது. பிடிவலிமை 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடப் பிடிவலிமை நன்றாகக் கணித்தது. 65 வயது கடந்த 34,000-க்கும் மேற்பட்டோரை வைத்து 2011-இல் வந்த இன்னோர் ஆய்வில், நடை வேகம் ஆயுளோடு ஒட்டிப் போனது. ரத்தத் துளியில் வயது பார்க்கும் முறையும் உண்டு. மரபணுவின் 353 இடங்களில் ஒட்டியிருக்கும் மீத்தைல் குறிகளை வைத்து ஸ்டீவ் ஹார்வத் 2013-இல் அப்படியொரு கணக்கைக் கொடுத்தார். இவையெல்லாம் கூட்டத்துக்குப் பொருந்தும் சராசரிகள், தனி ஆளின் ஜாதகம் அல்ல என்று நீங்கள் ஆட்சேபிப்பீர்கள். சரிதான். ஆனால் சராசரியாகக்கூட நடுக்கம் இந்த வரிசையில் இடம் பிடிக்கவில்லை என்பதே என் வாதம்.

நடுங்குகிறவர்கள் அதிக நாள் வாழ்வார்கள் என்றொரு எதிர்க்கட்சியும் உண்டு. ரஷ்ய நரம்பியலாளர் லாசர் மினோர், பரம்பரை நடுக்கம் உள்ள குடும்பங்களில் ஆயுளும் அதிகம், பிள்ளைகளும் அதிகம் என்று எழுதினார். நடுக்கம் இருந்த பெற்றோர், இல்லாதவர்களைவிடச் சராசரியாக 9 ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததாக அமெரிக்க ஆய்வொன்று 1995-இல் சொன்னது. ஸ்பெயினில் முதியவர்களைத் தொடர்ந்த ஆய்வோ இறப்பு சற்றே கூடுதல் என்றது. ஒரே விரல் ஆயுளைக் கூட்டும் என்று ஒருவரும் குறைக்கும் என்று இன்னொருவரும் சொன்னால், இரண்டு பேருக்கும் வணக்கம் போட்டுவிட்டு நகர்வதே உத்தமம்.

கேள்வி: கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் காசோலையைத் திருப்பிவிட்டார்கள். ‘வயசாயிடுச்சு, கைநாட்டு வெச்சிடுங்க சார்’ என்கிறார்கள். ரோஷமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ரோஷம் சரியானது, ஐயா. ஆனால் முதலில் அந்தக் காசோலையையும் பத்து வருடத்துக்கு முந்தைய கையெழுத்தையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். கோடு அலை அலையாக நெளிகிறதா, எழுத்து சிறுத்துவிட்டதா என்பதிலிருந்தே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். மாத்திரை டப்பாவையும் மறக்காமல் கொண்டுபோங்கள். பிறகு வங்கியில் புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். கையெழுத்தே போட முடியாத நிலை வந்தால்தான் கைநாட்டு. அப்போதும் வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.