போரிக் செதிலியல்: பாயிரமும் உரையும்

நூல் என்று ஒன்றைச் செய்தால் அதற்குப் பாயிரம் வேண்டும் என்பது மரபு. ஆக்கியோன் பெயரை விட்டுவிடலாம். வீட்டாருக்குத் தெரியும், அதுவே போதுமான சங்கடம். நூற்பெயர், போரிக் செதிலியல். எல்லை, வடக்கே அடுப்பு மேடையும் தெற்கே மாடிப்படிக்கு அடியிலுள்ள அலமாரியும். நுதலிய பொருள், கேரம் போர்டில் தூவும் போரிக் அமிலப் பவுடரை வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, பளபளக்கும் செதில்களாகத் திரும்பப் பெறுவது. கேட்போர், இதுவரை ஒருவரும் இலர். பயன் பின்னால் ஆராயப்படும்; பயனில்லை என்று முடிவானால் வாசகர் பொறுத்தருள்க.

பவுடராக வாங்கியதைக் கரைத்து மறுபடியும் அதையே பெறுவது வெட்டி வேலையன்றோ எனின், அன்று. பொருள் ஒன்றே ஆயினும் உரு வேறு. உருவுக்காக உழைப்பதையே உலகம் பெரும்பாலும் கலை என்கிறது. அதற்கு அகாதமிகளும் பொன்னாடைகளும் உண்டு. செதில் வளர்ப்போருக்கு மட்டும் ஏன் இல்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

இத்துறையின் முன்னோர் சிறியர் அல்லர். 1702இல் வில்லெம் ஹோம்பர்க் என்ற வேதியியலாளர் வெங்காரத்தோடு அன்னபேதியைச் சேர்த்துச் சூடேற்றி இந்த வெண்பொருளைப் பிரித்தெடுத்தார். எடுத்ததோடு நில்லாமல், நரம்பைச் சாந்தப்படுத்தும் உப்பு என்று பட்டமும் சூட்டினார். வயிற்றுக்குள் போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் ஒன்றுக்கு இது தாராளமான பட்டம்தான். ‘அமிலம்’ என்ற பிற்காலப் பட்டமும் ஏறக்குறைய அப்படியே. சோடாவில் கரைந்திருக்கும் கார்பானிக் அமிலம்கூட இதைவிட வலியது. மற்ற அமிலங்கள் தம்மிடமுள்ள புரோட்டானைக் கொடுத்து அமிலம் என்று பேர் வாங்குகின்றன. போரிக் அமிலமோ எதையும் கொடுப்பதில்லை. நீரிடமிருந்து ஹைட்ராக்ஸைடைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கிக்கொண்டே வள்ளல் பட்டம் வாங்குவோரை வேறு துறைகளிலும் பார்த்திருக்கிறோம், மேலே செல்வோம்.

இத்தாலியின் டஸ்கனியில் பூமியே இந்த வேலையைச் செய்துவந்தது. அங்கே தரையைப் பிளந்துகொண்டு நீராவி சீறும் இடத்துச் சேற்றுக்குட்டை நீரில் போரிக் அமிலம் கலந்திருப்பதை 1777இல் ஹோஃபர் என்ற மருந்தாளர் கண்டுபிடித்தார். சாஸோ என்ற ஊரின் பெயரால் இயற்கைச் செதிலுக்கு சாஸோலைட் என்று பெயர். 1818இல் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா டி லார்டெரெல் இதைத் தொழிலாக்கினார். சேற்றுநீரை வற்றவைக்க முதலில் விறகுதான் எரித்தார். பிறகு, காலடியில் சும்மா சீறிக்கொண்டிருக்கும் ஆவியையே அடுப்பாக்கினார். ஊருக்கே லார்டெரெல்லோ என்று பெயராயிற்று. 1904இல் அதே ஆவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை எரியவிட்டார்கள். புவிவெப்ப மின்சாரம் பிறந்தது அங்கேதான். ஆக, செதிலைத் துரத்தியவர்கள் வழியில் ஒரு மின்நிலையத்தைக் கண்டெடுத்தார்கள். நம் வீட்டில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த வரலாற்றில் செய்முறைக்கான பாடம் ஒன்று உண்டு. போரிக் அமிலம் நீராவியோடு தொற்றிக்கொண்டு கிளம்பும் குணமுடையது. அதனால்தான் பூமிக்குள்ளிருந்து மேலே வந்தது. அதே குணத்தால், கரைசலைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் சிறிது ஆவியோடு போய்விடும். கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்க.

இனிக் கருவி நூல். பவுடர் வாங்கும்போது உறையைப் படிக்கவும். கேரம் பவுடர் என்ற பெயரில் விற்பதெல்லாம் போரிக் அமிலம் அன்று. சோதனை எளிது. ஒரு சிட்டிகையை நிறைய வெந்நீரில் போட்டால் போரிக் அமிலம் மறைந்துவிடும். டால்க் கலந்திருந்தால் அடியில் தங்கிச் சிரிக்கும். தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீராக இருக்கட்டும். போர்வெல் நீரில் உள்ள சுண்ணாம்பு நம் ஆய்வைத் தன் ஆய்வாக்கிவிடும். பாத்திரம் பழைய எவர்சில்வர். இது செதிலியலுக்கு என்று ஒதுக்கப்பட்டால் ஒதுக்கப்பட்டதுதான், சாம்பார் வைக்க மீண்டும் வரக்கூடாது. ‘கழுவிட்டேனே’ என்ற வாதம் இங்கே செல்லாது.

அளவைக்கு வருவோம். 100 மில்லி நீர் கொதிநிலையில் ஏறத்தாழ 38 கிராம் போரிக் அமிலத்தைக் கரைத்துக்கொள்ளும்; 20 டிகிரியில் 5 கிராமைக்கூடத் தாங்காது. சூட்டில் வாரி வாங்கிக்கொண்டு குளிர்ந்ததும் திருப்பித் தருகிற இந்த வேறுபாடுதான் நம் முதலீடு. 200 மில்லிக்கு 30 கிராம் போட்டால், ஏறக்குறைய 60 டிகிரிக்கு ஆறும்போது கரைசல் நிறைவடைந்து, பிறகு செதில் விடத் தொடங்கும். அறை வெப்பத்துக்கு வரும்போது போட்டதில் பாதியாவது வெளியே வந்திருக்கும். பேராசைக்காரர் 50 கிராம் போடுவர். அவர்களுக்குக் கிடைப்பது கூழ்.

வடிகட்டும் இயல் சிறிது. மெல்லிய வேட்டித் துணியை மடித்துச் சூட்டோடு சூடாக வடித்துவிட வேண்டும். தாமதித்தால் துணியிலேயே படிகம் கட்டி வழியடைக்கும். அவ்வளவே.

இத்துறையின் பெரும்பூசல் இனிமேல்தான். வடித்த கரைசலை என்ன செய்வது என்பதில் அறிஞர் இரு அணியாகப் பிரிந்துள்ளனர். ஒரு சாரார், மூடி போட்டு, துண்டால் சுற்றி, தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, மறுநாள் காலைவரை அந்தப் பக்கமே போகக்கூடாது என்பர். இவர் அசையாவாதிகள். மறு சாரார், இடையிடையே திறந்து பார்த்தால் என்ன குடிமுழுகிவிடும் என்பர். இவர் எட்டிப்பார்ப்பார். அசையாவாதிகளின் பக்கம் அறிவியல் உண்டு. மெல்ல ஆறினால் சில படிகக் கருக்களே தோன்றும். கரைந்திருப்பதெல்லாம் அந்தச் சிலவற்றின் மீதே ஒட்டி அகலச் செதிலாகும். சட்டென்று ஆறினாலோ, தட்டி அசைத்தாலோ, கணக்கற்ற கருக்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பங்கு போட்டு, கடைசியில் வாங்கிய பவுடரையே திருப்பிக் கொடுக்கும். எட்டிப்பார்ப்பாரின் பக்கம் இருப்பது அழகு ஒன்றே. அது சிறிதன்று.

டார்ச் ஒளியை நீர்ப்பரப்பின் மேல் சாய்த்து அடித்தால், முதலில் ஒரு புள்ளி மிதக்கும். தூசி என்றே தோன்றும். பிறகு அது தகதகக்கும். ஓரங்கள் நேராகி அறுகோணத்தின் சாயல் வரும். தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்ததாயினும், நீரின் பரப்பு இழுவிசை தாங்குவதால் மல்லாந்து கிடந்தபடியே அகலும். ஒரு கட்டத்தில் தாங்காமல் ஒரு பக்கம் சரிந்து மூழ்கும். மூழ்கும்போது புரண்டு புரண்டு இறங்கும். முகம் நம் பக்கம் திரும்பும்போது முத்துப்போல் மின்னும், விளிம்பு திரும்பும்போது அடியோடு காணாமல் போகும். அத்தனை மெல்லியது. இதைப் பார்க்காமல் தூங்கப் போகும் அசையாவாதிகளுக்கு நல்ல செதில் கிடைக்கிறது, உண்மை. எதற்கு?

செதில் ஏன் தடிப்பதில்லை எனின், கூறுதும். படிகாரத்தையோ மயில்துத்தத்தையோ வளர்ப்போர் நூலில் ஒரு விதைப்படிகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, நாளுக்கு நாள் கொழுகொழுவென்று வளர்வதைக் காட்டிப் பெருமை கொள்வர். போரிக் அமிலத்தில் அது நடவாது. நூலைக் கட்டும்போதே செதில் உடையும். 1934இல் சக்காரியாசன் என்ற அறிஞர் எக்ஸ்கதிர் கொண்டு இதன் உள்ளமைப்பைக் கண்டார். ஒரே தளத்தில் உள்ள மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து அகன்ற தாள் ஆகின்றன. தாளுக்கும் தாளுக்கும் இடையே அந்தப் பிடிப்பு இல்லை, சுமார் 0.318 நானோமீட்டர் இடைவெளியில், வலுவற்ற ஈர்ப்பு ஒன்றால் அப்பளக் கட்டுப்போல் அடுக்கி நிற்கின்றன, அவ்வளவுதான். புதிதாக வரும் மூலக்கூறு மேலே ஏறி உட்காருவதைவிட ஓரத்தில் சேர்வதையே விரும்புகிறது. ஆகவே படிகம் அகலும், தடிக்காது. வளர்ப்பவர் தலைகீழாக நின்றாலும் தடிக்காது.

இந்தப் பிடிப்பின்மையே இதன் பெருமை என்பது நம் துணிபு. உலர்ந்த செதிலை இரு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்தால் எண்ணெய் தொட்டதுபோல் வழுக்கும். எண்ணெய் ஒரு துளியும் இல்லை. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. அமெரிக்காவின் அர்கான் ஆய்வகத்தில் அலி எர்டெமிர் என்ற அறிஞர் இதைத் திட உயவுப்பொருளாக ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். அவருக்கு முன்பே நம் தெருக்களில் அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மன்றத்துத் திண்ணையில், பல்பு வெளிச்சத்தில், ஸ்டிரைக்கரின் கீழ். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. உலகப் பட்டத்தை இருமுறை வென்று, 1996இல் அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். அவருடைய விரலின் திறமையில் போரிக் அமிலத்துக்குப் பங்கில்லை. காய் போய்ச் சேர்ந்த தூரத்தில் கொஞ்சம் இருக்கலாம்.

அப்படியாயின், வளர்த்த செதிலை போர்டில் தூவலாமா எனின், அப்படியே தூவலாகாது. ஸ்டிரைக்கர் செதிலின் மேல் ஏறித் தடுமாறும். நுணுக்கித்தான் தூவ வேண்டும். நுணுக்கினால் பவுடர். பாயிரத்தில் ஒத்திவைத்த பயன் என்னும் உறுப்பு இவ்விடத்தில் தானே தீர்ந்துவிடுகிறது. கரப்பான்பூச்சிக்கு மாவும் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே விடை. கரப்பான்பூச்சி செதிலின் அகலத்தைக் கண்டு வியக்காது.

பூசலுக்கு நம் தீர்ப்பு எட்டிப்பார்ப்பார் பக்கமே. மூடியைத் தூக்காமல், கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து வெளியிலிருந்து பார்த்தால் இரு அணியும் சமாதானம் ஆகலாம் என்று சிலர் சொல்வர்; ஆனால் துண்டைச் சுற்றிவிட்டு எங்கிருந்து பார்ப்பது என்று அவர்கள் சொல்வதில்லை.

வளர்க்கத் துணிவோருக்கு ஒரு வேண்டுகோள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புண்ணில் படவிடாதீர்கள். குழந்தைகள் விழுங்கி உயிருக்கே ஆபத்தான வரலாறு இந்தப் பொருளுக்கு உண்டு. ஆகையால் உலர்ந்த செதிலைச் சீசாவில் போட்டு, ‘போரிக் அமிலம், உண்ணத் தகாதது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி, பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். சர்க்கரை டப்பா இருக்கும் தட்டில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள்.