கொண்டு போகக் கூடாதவை

மகளுக்குத் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும். விடுதிக்குச் சாமான் வாங்கக் கிளிநொச்சிக் கடைத்தெருவில் இறங்கினோம். வாளி, மடிக்கிற மெத்தை, நுளம்பு வலை, மேசை விளக்கு, பவர் பாங்க், மல்டி பிளக், மின் கேத்தல் என்று அவளுடைய போனில் பட்டியல் இழுக்க இழுக்க வருகிறது. "வாளி என்ன நிறத்திலை வேணும், தங்கச்சி?" என்று கடைக்காரர் கேட்டார். வாளிக்கு நிறம் பார்க்கிற காலத்துக்கு வந்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை. மகாபொலப் புலமைப்பரிசுக் காசு 2025இல் மாதம் 7,500 ரூபா ஆனது. முதல் மாதக் காசு கையில் வருமுன்பே அந்தக் கடையில் முடிந்தது.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது 1997 தொடக்கத்தில். அதற்கு முந்தின செப்டெம்பரில் கிளிநொச்சியை ஆமி பிடித்து, நாங்கள் அக்கராயன் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். அப்போது சாமான் வாங்குவது மிகவும் சுலபம். கடையில் சாமான் இல்லை. பற்றரி, பெற்றோல், சீமெந்து, யூரியா எதுவும் வன்னிக்குள் வர அரசாங்கத்தின் தடை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். இரவில் பிபிசி தமிழோசை கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோவிலிருந்து வானொலிக்குக் கரண்ட் போகும். சுற்றுகிறவனுக்குக் களைத்தால் லண்டனில் செய்தி வாசிப்பவருக்கும் களைத்துவிடும்.

ஆகவே என்னுடைய பட்டியல் முழுக்கக் கடதாசிதான். வன்னியை விட்டு வெளிக்கிடப் புலிகள் இயக்கத்தின் பாஸ். திரும்பி வருவேன் என்று பொறுப்பு நிற்க ஒரு ஆள். மாமா நின்றார். அந்தப் பக்கம் தாண்டிக்குளம் சென்றி. வவுனியாவில் தங்க ஒரு பாஸ், அங்கிருந்து தெற்கே போக இன்னொன்று. காட்டிக் காட்டியே பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் மடிப்பில் கிழிந்து, சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டினேன். உடுப்பை அம்மா யூரியாப் பையில் கட்டித் தந்தா. யூரியாவுக்குத்தான் தடை, பைக்கு இல்லை. சென்றியில் ஒரு ஆமிக்காரன் பையில் இருந்த எழுத்தை வாசித்துவிட்டு, கையை உள்ளே விட்டுத் துழாவினான். அகப்பட்டது புழுக்கொடியல். ஒன்றைக் கடித்துப் பார்த்தான். பல்லைத் தடவிக்கொண்டே போகச் சொல்லிக் கை காட்டினான்.

வவுனியாவில் முதல் வேலையாக ஒரு சோடி பற்றரி வாங்கினேன். ரோச் லைற் என்னிடம் இல்லை; பற்றரி போடுகிற எதுவுமே இல்லை. கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருந்ததைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டது. பேராதனை விடுதியில் சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வந்தது. பற்றரி இரண்டும் மேசையில் காவலுக்கு நின்றன. மே 13ஆம் திகதி ஆமியின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. சொன்ன தவணைக்கு என்னால் திரும்ப முடியவில்லை. பொறுப்பு நின்றதற்கு என்ன பட்டார் என்று மாமா கடைசிவரை வாய் திறக்கவில்லை.

தடைக்குள் வாழ்கிற இந்தப் படிப்பு பிற்காலத்தில் நாடு முழுவதுக்கும் கிடைத்தது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை. 2022இல் கியூஆர் கோட் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல். அந்த நாளிலை மண்ணெண்ணெயில் எப்படி மச்சான் மோட்டார் சைக்கிள் ஓடினனீங்கள் என்று கொழும்பிலிருந்து ஒரு கூட்டாளி போன் எடுத்துக் கேட்டான். வன்னி ஆக்களை நிபுணர்களாக மதித்த காலம் அது ஒன்றுதான்.

சாமானோடு வீட்டுக்கு வந்தால், விடுதியிலிருந்து வந்த கடதாசியை மனைவி வாசித்துக்கொண்டிருக்கிறா. கேத்தல், அயன், ஹீற்றர், ரைஸ் குக்கர் கொண்டு வரக் கூடாது. "பற்றரி கொண்டு போகலாமோ?" என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கேத்தல் எங்கள் குசினிக்குப் போனது.

மகளுக்கு மூன்றாவது பட்டியல் இரவு வாட்ஸ்அப்பில் வந்தது. முதல் வருசத்துக்காரர் ஜீன்ஸ் போடக் கூடாது, நிறச் செருப்புப் போடக் கூடாது, தலையை இரட்டைப் பின்னலாகத்தான் இழுக்க வேண்டும்.

"ஆர் பிள்ளை உதை அனுப்பினது?"

"சீனியர் அக்காமார், அப்பா. எல்லாருக்கும் வந்திருக்கு."

கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. நான் எடுத்த பாஸ் அத்தனையிலும் முத்திரையாவது இருந்தது. ஆமிக்கும் இயக்கத்துக்கும் சொல்ல ஒரு போர் இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பகிடிவதையைத் தடை செய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நான் பேராதனையில் படிக்கும்போதே வந்துவிட்டது. இந்த நாட்டில் நான் கண்ட தடைகளில் ஒருவரும் கணக்கில் எடுக்காத தடை அதுதான்.

மகளின் பைக்குள் சிவப்புச் செருப்பை நானே எடுத்து வைத்தேன். அக்காமாரே, அந்தச் சட்டத்தை ஒருக்கா வாசியுங்கோ.