அட்டை கிழியாத பேய்கள்

என் பேரனுக்கு நாலு வயது. கடந்த ஐந்து வருடமாக அவனுக்கு நாலு வயதுதான்.

முதல் பார்சல் வந்த அன்று தபால் கந்தோரில் இருந்த பிள்ளை கேட்டாள், "என்ன சேர் இது?"

"விளையாட்டுச் சாமான்."

"ஆருக்கு சேர்?"

அந்தப் பிள்ளைக்கும் அவளுடைய தாய்க்கும் கணக்குப் படிப்பித்தவன் நான். அவளிடம் எந்த வாயால் "எனக்குத்தான்" என்று சொல்வது? "பேரனுக்கு" என்றேன். எத்தனை வயது என்றாள். நாலு என்றேன். எனக்குப் பேரன் கிடையாது. மகனுக்கு இன்னும் கலியாணமே பேசவில்லை.

பார்சலில் இருந்தது ஏலியன். மூன்றே முக்கால் அங்குல உயரம், வாழைப்பொத்தி மாதிரிப் பின்னுக்கு நீண்ட தலை, கண் என்று ஒன்றும் இல்லை, பல்லுக்கு மட்டும் குறைவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் அனுப்பியது. "உனக்கு வேட்டி அனுப்பவா, கம்பளிச் சட்டை அனுப்பவா?" என்று கேட்டவனிடம் நான் பேயைக் கேட்டேன். அவன் அன்றிலிருந்து என் மனைவியிடம் தனியாக என் உடல்நலம் விசாரிக்கிறான்.

இந்தப் பேயின் சாதகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரிட்லி ஸ்கொட்டின் 'ஏலியன்' படம் 1979இல் வந்தது. உருவத்தை வரைந்தவர் எச். ஆர். கீகர் என்ற சுவிஸ் ஓவியர். அந்த உடுப்புக்குள் நின்றவர் பொலாஜி படேஜோ என்ற நைஜீரியர். ஏழடிக்குச் சொற்பம்தான் குறைவு. பெரியவர்களுக்கான படம். ஆனால் கென்னர் என்ற அமெரிக்கப் பொம்மைக் கொம்பனி அதைப் பிள்ளைகளுக்கென்று 18 அங்குலத்தில் செய்து கடைக்கு விட்டது. பின்தலையில் உள்ள விசையை அசைத்தால் வாய் திறக்கும், மண்டையோடு இருட்டில் மினுங்கும். தாய்மார் விடுவார்களா? பொம்மை கடையிலேயே தேங்கிப்போனது. கூடவே மூன்றே முக்கால் அங்குலத்தில் இன்னும் ஐந்து பொம்மைகளை விற்பதற்கு மாதிரியெல்லாம் செய்து வைத்திருந்த கொம்பனி, பயந்து அவற்றைக் கைவிட்டுவிட்டது. 2013இல் சூப்பர் செவன் என்ற கொம்பனி அந்த ஐந்தையும் தூசி தட்டி, பழைய பாணி அட்டையில் ஒட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 34 வருடம் பிந்திய பிரசவம்.

இதே கென்னர் 1977 நத்தாருக்கு 'ஸ்டார் வோர்ஸ்' பொம்மைகளைச் செய்து முடிக்க முடியாமல், வெறும் பெட்டிக்குள் "பொம்மை பிறகு வரும்" என்று ஒரு சீட்டை வைத்து விற்றது. சனம் வாங்கியது. நம்மூரில் ஒருவர் வெறும் மீன்பெட்டிக்குள் "கொடுவா பிறகு வரும்" என்று துண்டு எழுதி வைத்துப் பார்க்கட்டும்.

யோசித்துப் பாருங்கள்: அந்த ஐந்து பொம்மைகளும் எந்தப் பிள்ளையின் கையிலும் இருந்ததில்லை. இன்று அவற்றைப் பார்த்து "அந்தக் காலம்!" என்று உருகும் வெள்ளைக்காரர், நடக்காத ஒன்றை நினைத்து உருகுகிறார். அப்படியானால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? என் பால்ய காலத்திலும் அது நடக்கவில்லை. சொல்லப்போனால் என்னுடையதில் இன்னும் உறுதியாக நடக்கவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டபோது எனக்கு எட்டு வயது. அடுத்த வருடம் முழுக்க நாங்கள் கூரைக்குத் தகரம் தேடினோம். வளவில் தென்னை எல்லாம் படுத்துவிட்டதால் குரும்பட்டித் தேர் செய்யக்கூடக் குரும்பட்டி இல்லை. பிளாஸ்டிக் பேய்க்கு எங்கே போவது?

படத்தைப் பார்த்தது பிறகு, சவூதியிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த டெக்கில். வாடகைக்கு எடுத்த மூன்று தமிழ்ப் படத்தோடு தவறுதலாக வந்த நாலாவது காசெட் அது. ஜெனரேற்றர் வெளியே உறும, வளவு நிறையச் சனம். முக்கால்வாசி இருட்டுத்தான் தெரிந்தது. கொப்பி மங்கலா, ரிட்லி ஸ்கொட்டின் கலையா என்று இன்றுவரை பிடிபடவில்லை. இருட்டுக்குப் பயப்பட எங்களுக்கு வேறு காரணங்கள் இருந்த காலம் அது. அதனாலோ என்னவோ, இந்தப் பேய் ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒருவனின் நெஞ்சைப் பிளந்துகொண்டு குட்டி வெளியே பாயும் கட்டத்தில் எல்லோரும் உறைந்திருக்க, அம்மம்மா மட்டும் வெற்றிலையைக் குதப்பியபடி சொன்னார்: "தின்னக்குள்ள கதைக்காத மனே எண்டு நான் எத்தின தரம் சொன்ன!"

அந்தக் குரலுக்காகவும்தான் வாங்குகிறேன். இதைத் தபால் கந்தோரில் விளக்க முடியாது.

இப்போது என் அலுமாரியில் பதினொரு பேய்கள். எனக்கு மிகவும் உகந்தது கில்மான், 1954இல் வந்த 'கருங்களப்புப் பிராணி' படத்தின் நாயகன். கதை அமேசனில் நடக்கிறது, நீருக்கடிக் காட்சிகளை எடுத்தது புளோரிடாவில். தரையில் நடந்தவர் பென் சப்மன். தண்ணீருக்குள் நீந்தியவர் றிக்கோ பிரௌனிங், முதுகில் காற்றுச் சிலிண்டர் இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு. உருவத்தை வடிவமைத்த மிலிசென்ட் பற்றிக்குக்குப் பல காலம் பெயரே கிடைக்கவில்லை. பேர் போனது அவருடைய மேலதிகாரிக்கு. பேயைப் படைத்தவள் பெண் என்பதை மறைத்த ஆட்கள்தான் அந்தப் படத்தில் உண்மையான பேய்கள்.

களப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உரிமை வந்துவிட்டது. நம்முடைய ஆளல்லவா? மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று உலகத்துக்கே சொல்லி வைத்திருக்கிறோம். பாடுகிற மீனுக்கு நடக்கிற மச்சான் ஒருவன் இருக்கக்கூடாதா? பக்கத்து வளவில் இருப்பவர் நாற்பது வருடம் வாழைச்சேனைக் களப்பில் வலை வீசியவர். அவரிடம் கில்மானைக் காட்டினேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செவுளைப் பார்த்தார். விரல்களுக்கு இடையில் உள்ள சவ்வைப் பார்த்தார்.

"இது கொடுவாவுக்கும் முதலைக்கும் பிறந்ததா சேர்?"

"ஓம், அப்பிடித்தான்."

"கறிக்கு ஆகாது," என்று திருப்பித் தந்தார். பிறகு, கட்டிக்கொண்டிருக்கும் புதுவீட்டுக்குக் கண்ணூறு படாமல் தொங்கவிட ஏலியனைக் கேட்டார். ஏழு அங்குலத்தில் நெக்கா கொம்பனி செய்த ஒன்று என்னிடம் இருக்கிறது, வால் மட்டும் ஒரு சாண். அதைக் காட்டியதும் முகத்தைச் சுளித்தார். "இன்னும் கொஞ்சம் வளந்தாப்போல தாங்க சேர்."

அட்டையைக் கிழித்து வெளியே எடுக்கக்கூடாது என்பது இந்தப் பைத்தியத்தின் முதல் சட்டம். கிழித்தால் விலை போய்விடும். மனைவிக்கு இது விளங்குவதில்லை. "இஞ்சருங்க, விளையாடவும் மாட்டீங்க, வெளிய எடுக்கவும் மாட்டீங்க, பிறகு எதுக்கு?" நான் பதில் வைத்திருந்தேன். வைக்கோலில் கடதாசி செய்த ஆலை இருந்த ஊர் இது. எங்கள் அப்பா அந்த ஆலைக்கு வைக்கோல் ஏற்றிய லொறியில் ஓடியவர். பொம்மையின் அருமை தெரியாவிட்டாலும் அட்டையின் அருமை வாழைச்சேனைக்காரனுக்குத் தெரியும். அவள் அதைக் கேட்டுவிட்டு, சம்பல் இடிக்கப் போனாள்.

2022இல் ஒரு நெருக்கடி வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 20 டொலர் பேய் 4,000 ரூபாயிலிருந்து 7,200க்கு ஏறியது. அதே பேய், அதே அட்டை. காஸ் வரிசையில் வெற்றுச் சிலிண்டரோடு நின்றபடி, அலுமாரிக்குள் இருக்கும் சொத்தின் பெறுமதி ஏறியதை மனக்கணக்காகப் போட்டு மகிழ்ந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். வாங்க ஆள் இல்லை என்பது வேறு கதை.

போன கிழமை பன்னிரண்டாவது பார்சலுக்குத் துண்டு வந்தது. போனேன். பிள்ளை துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பேரன் இன்னும் பள்ளிக்கூடம் சேரல்லையா சேர்?"

"வாற வருசம்."

"வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க சேர். அவருட கையிலயே குடுக்கிறன். எவ்வளவு நாளாப் பாக்க ஆசை!"

ஆகவே இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். வாழைச்சேனை, பேத்தாழை, கல்குடாப் பக்கம் யாரிடமாவது நாலு வயதுப் பையன் இருந்தால், வியாழன் காலை ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் தேவை. ஐஸ்பழம் வாங்கித் தரப்படும். "தாத்தா" என்று கூப்பிடத் தெரிந்திருந்தால் போதும். அட்டை கிழிக்கும் பழக்கம் உள்ளவன் வேண்டாம்.